மரம் வெட்டிய பாவம்

இடவப்பாதி மழை இறங்குவதற்கு முந்தைய வாரங்களில் கேரளத்தின் கிழக்கு எல்லை முழுக்க மெஷின் வாளின் சத்தம் கேட்கும். பாலக்காட்டுப் பக்கம் வாளையார், கொழிஞ்சாம்பாறை, முதலமடை. இடுக்கிப் பக்கம் போடிமெட்டு, நெடுங்கண்டம், வண்டன்மேடு, குமுளி. காற்றில் விழக்கூடிய மரங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடும். பஞ்சாயத்துச் செயலர் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவார். ஏலத் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளை கழிக்கும் பருவமும் அதே சமயத்தில் வந்து சேரும். சித்தூர், தேவிகுளம், உடும்பஞ்சோலை தாலுக்காக்களில் தமிழர் திரளாக வாழ்வதால் இந்த வேலையிலும் தமிழ்க் குரல்கள் உண்டு. பெரிய மரத்தில் கை வைக்கும் முன் அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களும், ஒரு கட்டி கற்பூரம் கொளுத்துகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். மரத்திடம் மன்னிப்புக் கேட்பதாக இதைச் சொல்வார்கள்; அனுமதி கேட்பதாகவும் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மன்னிப்பு முடிவெடுத்த பிறகு கேட்பது. அனுமதி முடிவெடுக்கும் முன் கேட்பது. ‘வேண்டாம்’ என்ற பதில் வர வழியே இல்லாத இடத்தில் கேட்கப்படும் அனுமதிக்குப் பொருள் ஏதும் கிடையாது என்பதே இங்கே நான் சொல்ல வருவது. மரம் வெட்டிய பாவம் யாரைச் சேரும் என்ற பழைய கேள்விக்கும் இங்கிருந்துதான் பதில் தேட வேண்டும்.

வேலையைத் தெரிந்துகொள்ளாமல் அதன் பாவ புண்ணியத்தைப் பேசுவது சரியல்ல. வெட்டவெளியில் நிற்கும் மரத்தைச் சாய்ப்பதென்றால், விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் முதலில் ஒரு வாய் எடுப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சற்று உயரத்தில் அறுத்துக்கொண்டு வந்து, நடுவில் கொஞ்சம் கட்டையை அறுக்காமல் விடுவார்கள். அந்த அறுபடாத கட்டைதான் மரத்தைப் பிடித்துத் திசை தவறாமல் சாய்க்கிறது. அதை ஒரு ஓரமாக அறுத்துவிட்டால் மரம் திரும்பிவிடும். முன்பக்கம் பாரம் மிகுந்த மரமாக இருந்தால் அறுத்து முடிப்பதற்குள் நெடுக்காகப் பிளந்து பின்னால் எகிறும். நிற்பவர் தப்புவது அரிது. ஓடும் வாளின் நுனி எதிலாவது இடித்தால் வாள் முகத்துக்கு நேரே துள்ளும். வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவில் நிற்கும் மரத்தை இப்படிச் சாய்க்கவே முடியாது. மேலே ஏறி, கிளை கிளையாகவும் துண்டு துண்டாகவும் வடத்தில் கட்டி, கப்பி வழியாக இறக்க வேண்டும். ஏலத் தோட்டத்தில் கிளை கழிப்பது இன்னும் நுணுக்கமானது. அடியில் செடியின் சரங்கள் தரையை ஒட்டிக் கிடக்கும். கிளை தப்பி விழுந்தால் அந்த வருடக் காய் போயிற்று. ஆகவே தொழில் தெரிந்தவர் வாளை முடுக்குவதற்கு முன் மரத்தைச் சுற்றி வருவார். கோடாலியின் பின்புறத்தால் தட்டி, உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று கேட்பார். பாரம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், தேனடையோ குளவிக்கூடோ உண்டா என்று அண்ணாந்து பார்ப்பார். தான் ஒதுங்கி ஓடும் வழியில் கிடக்கும் கல்லையும் கொடியையும் அகற்றி வைப்பார்.

இனி நூல்கள் சொல்வதைப் பார்க்கலாம். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த பிருகத் சம்ஹிதையில், தெய்வ உருவம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போகிறவனுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் முதலில் வருவது வெட்டக் கூடாத மரங்களின் பட்டியல். சுடுகாட்டில் நிற்பது, வழியோரத்தில் நிற்பது, கோயிலடியில் நிற்பது, புற்றின் மேல் எழுந்தது, ஆசிரமத்தில் வளர்ந்தது, ஆறுகள் கூடும் இடத்தில் நிற்பது, தேனடை உள்ளது என்று அது நீள்கிறது. அதன் பிறகே வெட்டும் முறை. முதல் நாள் இரவு மரத்துக்குப் பூசை போட்டு, அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வேறிடம் போய்த் தங்கும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். விடிந்த பிறகு, தேனும் நெய்யும் பூசிய கோடாலியால் வடகிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றி வெட்ட வேண்டும். எந்தத் திசையில் விழுந்தால் என்ன பலன் என்றும் சொல்லியிருக்கிறது. சோதிடத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்: சில மரங்களை விட்டுவிடு, ஓர் இரவு பொறு, குடியிருப்பவர்களுக்குத் தெரிவி, விழும் திசையைக் கவனி. வாளை முடுக்கும் முன் மரத்தைச் சுற்றி வருகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. கற்பூரம் கொளுத்திவிட்டு அண்ணாந்து பாராமல் அறுக்கிறவரைவிட, கற்பூரமே இல்லாமல் அண்ணாந்து பார்க்கிறவர்தான் அந்தச் சடங்கைச் சரியாகச் செய்கிறார் என்பேன்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான பாலி விநயத்தில் வரும் ஆளவிக் கதை இன்னும் கூர்மையானது. ஆளவி ஊரில் ஒரு பிக்கு கட்டட வேலைக்காக மரம் வெட்டினார். அதில் குடியிருந்த தேவதை வேண்டாம் என்று தடுத்தும் அவர் கேட்கவில்லை. அவள் குழந்தையின் கையில் வெட்டு விழுந்தது. அந்த பிக்குவைக் கொன்றுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்த அவள், சினத்தை அடக்கிக்கொண்டு புத்தரிடம் போய் முறையிட்டாள். அவர் அவளைப் பாராட்டி, காலியாக இருந்த வேறொரு மரத்தைக் காட்டி அங்கே போய் இருக்கச் சொன்னார். ஓரறிவு உயிரை பிக்குகள் வருத்துகிறார்களே என்று ஊராரும் குறைபட, பிக்குகள் மரம் செடிகளை அழிக்கக் கூடாது என்ற விதி பிறந்தது. தமிழில் தொல்காப்பியமும் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாகவே வைக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் ஒரு படி மேலே போய், மரங்கள் வெப்பத்தை உணர்கின்றன, ஒலியைக் கேட்கின்றன என்று காரணம் காட்டி வாதாடுகிறார்.

இங்கே முதல் மறுப்பு எழும். மரத்துக்கு நரம்பும் மூளையும் இல்லை. வலி என்ற ஒன்று அதற்கு உண்டு என்பதற்கு ஆதாரமில்லை. பிறகு எதற்கு இந்தப் பாவக் கணக்கு என்று கேட்கலாம். ஜகதீச சந்திர போஸின் கருவிகள் செடிகளின் மின்துடிப்பைக் காட்டின என்பது உண்மை. அந்தத் துடிப்பை வலி என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. இந்த விவகாரம் எப்படித் தீர்ந்தாலும் என் வாதத்துக்கு நட்டமில்லை. வராகமிகிரர் மரத்தைப் பார்த்துப் பேசச் சொல்லவில்லை, மரத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசச் சொல்கிறார். ஆளவியில் முறையிட்டதும் மரமல்ல, அதில் குடியிருந்த ஒரு தாய். பாலக்காட்டுக் கரிம்பனைகளின் உச்சியில் யட்சி இருப்பதாகச் சொல்லும் நாட்டுக் கதைகளும் பனையைப் பற்றியவை அல்ல, பனையில் குடியிருப்பவளைப் பற்றியவை. மரத்துக்கு உயிர் உண்டா என்பது தத்துவவாதிகளுக்குப் பிடித்த கேள்வி. மரத்தில் யார் இருக்கிறார்கள் என்பது வெட்டப் போகிறவன் கேட்க வேண்டிய கேள்வி. பழைய மரபு இரண்டாவதைத்தான் சடங்காக்கி வைத்தது. தேவதையையும் பூதத்தையும் நம்பாதவர்கள் அந்த இடத்தில் இருவாச்சியை வைத்துப் பார்க்கலாம். நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகளில் பெரிய இருவாச்சிப் பெண் பறவை கோடைக்கு முன்பே ஒரு முதுமரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது. ஆண் பறவை சிறு இடுக்கு வழியாகப் பழம் ஊட்டுகிறது. அந்தப் பருவத்தில் அந்த ஒரு மரம் விழுந்தால் தாயும் குஞ்சும் உள்ளேயே முடிந்துபோகும்.

இது வெறும் ஊகமல்ல. 2022இல், பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது வி.கே. படி என்ற இடத்தில் ஒரு புளியமரத்தை அடியோடு சாய்த்தார்கள். கிளைகள் நிறைய நீர்ப்பறவைகளின் கூடுகள். பறக்கத் தெரியாத குஞ்சுகள் தார்ச்சாலையில் விழுந்து கூட்டமாகச் செத்தன. அந்தக் காட்சி கேரளம் முழுக்கப் பரவியது. கூடுள்ள மரத்தை அப்படிச் சாய்த்தது தங்கள் அறிவுறுத்தலை மீறிய செயல் என்று வனத்துறை வழக்குப் பதிந்தது. இயந்திரமும் அதை ஓட்டியவரும் பிடிபட்டனர். சில வாரங்கள் பொறுத்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பறந்திருக்கும், மரமும் சட்டப்படியே போயிருக்கும். வராகமிகிரர் கேட்ட ஓர் இரவு இங்கே சில வாரங்கள். அதைக் கொடுக்க மறுத்தது வண்டியை ஓட்டியவரின் கையா, வேலையை முடிக்கச் சொன்ன அவசரமா?

பாவத்தைக் கையில் ஏற்றுவது நம் மரபின் பழைய வழக்கம். சமண இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களில் காடு வெட்டிப் பிழைப்பதும் ஒன்று. ஆனால் மரத்தூண் வைத்த வீட்டில் குடியிருப்பது விலக்கப்படவில்லை. பிக்குகளுக்கு மரம் வெட்டத் தடை. பழத்தில் இல்லறத்தான் ஒருவன் கத்தி வைத்துத் தகுதியாக்கிக் கொடுத்தால் உண்ணலாம் என்ற ஏற்பாடும் அதே விநயத்தில் உண்டு. இந்த மதங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தூய்மை என்பது பெரும்பாலும் தூரம்தான் என்பதைக் காட்டவே சொல்கிறேன். ஒருவர் கை சுத்தமாக இருக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. பிறகு அந்த இன்னொருவரைப் பாவி என்கிறார்கள். வள்ளுவர் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறார். புலால் மறுத்தலில் அவர், வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்று காரண காரியச் சங்கிலியைத் தலைகீழாகப் பிடித்து வாங்குகிறவன் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறார். தேக்குக் கட்டிலுக்கும் இந்தத் தருக்கம் அப்படியே பொருந்தும். மகாபாரதத்தின் வன பருவத்தில் மிதிலையில் இறைச்சி விற்கும் தருமவியாதன், ஏர் ஓட்டினாலும் உயிர்கள் சாகின்றன, கொல்லாமல் வாழ்வு இல்லை என்று அந்தணனுக்கு எடுத்துச் சொல்கிறான். அந்தப் பாதியை ஏற்கிறேன். பிறப்பால் வந்த தொழிலை விடாமல் செய்வதே தருமம் என்று அவன் சேர்த்துச் சொல்லும் மறுபாதியை ஏற்க மாட்டேன். அது, ஏவுகிறவனுக்கு எக்காலமும் ஒரு கை கிடைத்துக்கொண்டே இருப்பதற்கான உத்தரவாதம்.

மறுப்பு சொல்லும் உரிமை கைக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பறம்பிக்குளத்தில் ஒரு சாட்சி நிற்கிறது. கேரளத்துக் காடு, ஆனால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் வண்டியில் அங்கே போக முடியும். தூணக்கடவில் உள்ள கன்னிமாரா தேக்கின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1994-95இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்ற மரம். இதை வெட்டப் போனபோது வெட்டிய இடத்திலிருந்து இரத்தம் பீறிட்டதாகவும், வெட்டியவர்கள் கோடாலியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டதாகவும் கதை. இந்தக் கதை எந்தச் சூழலில் நின்றது என்று பாருங்கள். ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயரே நின்றுவிட்டது. 1907 முதல் கொச்சி சமஸ்தானத்தின் டிராம்வே, பறம்பிக்குளத்துக் கட்டைகளைச் சுமார் 80 கிலோமீட்டர் இறக்கிச் சாலக்குடியில் சேர்த்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. காடே ரயிலேறிக்கொண்டிருந்த காலத்தைத் தாண்டி ஒரு மரம் ‘வேண்டாம்’ என்று சொன்ன கதையோடு நிற்கிறது. தேக்கில் இரத்தம் வராது. அந்தக் கதை வழியாக வேண்டாம் என்று சொன்னது வெட்டப் போனவர்கள்தான் என்று நான் வாசிக்கிறேன். துரையிடம் நேராகச் சொல்ல முடியாததை மரத்தின் வாயில் வைத்துச் சொன்னார்கள்.

ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டு ஒன்றைக் கும்பிடுவது மனச்சாட்சிக்குக் கொடுத்த லஞ்சம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; கோயில் காவை மட்டும் விட்டுவிட்டு மலையை மொட்டையடிக்கிற பக்தியை நாமும் பார்க்கிறோம். ஆனாலும் ஒரு மறுப்பாவது இருந்த இடத்துக்கும் மறுப்பே தடைசெய்யப்பட்ட இடத்துக்கும் வேறுபாடு பெரிது. இடுக்கி உயர்நிலத்தில் 1964ஆம் ஆண்டு நில ஒப்படைப்பு விதிகளின்படி பட்டா பெற்ற நிலங்களில் சந்தனம், தேக்கு, ஈட்டி, கருங்காலி ஆகியவை அரசுக்கே உரியவை. நட்டு வளர்த்தவன் ஏன் வெட்டக் கூடாது என்ற விவசாயியின் குறையில் உண்மை உண்டு. அதைத் தீர்ப்பதாகச் சொல்லி 2020 அக்டோபர் 24இல் ஓர் அரசாணை வந்தது. வெட்டுவதைத் தடுக்கும் அதிகாரிகள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. வேண்டாம் என்று சொல்கிறவனே குற்றவாளி என்று காகிதம் சொன்னது. வயநாட்டு முட்டிலில் பெரும் ஈட்டி மரங்கள் விழுந்தன. அதே ஆணையைக் காட்டி இடுக்கியிலும் மரங்கள் போயின. 2021 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டபோது மரங்கள் கட்டைகளாகியிருந்தன. போர்க்களத்தில்கூடப் பைபிளின் உபாகமம், முற்றுகையிட்ட ஊரின் கனிமரங்களை வெட்டாதே என்று ஒரு மறுப்பை வைத்திருக்கிறது. மலையேறிக் குடியேறிய கிறிஸ்தவ விவசாயிகளின் வீடுகளிலெல்லாம் இருக்கும் புத்தகம்தான் அது.

இதற்கு நேரெதிரான மறுப்பு ஒன்றும் உண்டு. எனக்கு அதுவே கனமானது. மரத்தைக் காப்பாற்றும் பேச்சு ஆளைக் கொல்லும். அடி அழுகிய மரம் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும்போது அனுமதி, இரவு, காத்திருப்பு என்றெல்லாம் பேசுவது வசதியுள்ளவர்களின் ஆன்மிகம். கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238ஆம் பிரிவு, அடுத்தவருக்கு ஆபத்தான மரத்தை அகற்ற வைக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்திருக்கிறது, கொடுத்தது சரியே. சில இடங்களில் வெட்டுவதே காட்டுக்குச் செய்யும் உதவி. வட்டவடைப் பக்கம் பழத்தோட்டம் என்ற இடத்தில் சீமை மரமான வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்டார்கள். மரம் எல்லாம் புனிதம் என்கிறவர் அங்கே புல்லின் எதிரியாகிவிடுவார். பழைய நூல்களும் மரத்துக்கு முழு விலக்கு கொடுக்கவில்லை. வராகமிகிரர் குடியிருப்பவர்களை இடம் மாறத்தான் சொல்கிறார். புத்தரும் தேவதைக்கு வேறு மரத்தைத்தான் கொடுத்தார். மறுப்புக்கு இடம் இருக்க வேண்டும் என்றால் மறுப்பே எப்போதும் வெல்ல வேண்டும் என்று பொருளல்ல. பார்த்துவிட்டு வெட்டுவதற்கும் பாராமல் வெட்டுவதற்கும் இடையில்தான் பாவம் கிடக்கிறது.

வெட்டியதற்கு ஈடாகப் பத்துக் கன்று நட்டுவிட்டேன் என்பது இன்றைய பிராயச்சித்தம். ஆனைமலையில் வெட்டவும் நடவும் முறை வகுத்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி 1933இல் இறந்து டாப்சிலிப்பில் அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே அடக்கம் ஆனார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நட்ட மரம் மரக்கட்டையைத்தான் திருப்பிக் கொடுக்கும். இருவாச்சி புகும் அளவுக்குப் பொந்து விழ மரம் பெருத்து முதிர வேண்டும், அதற்குப் பல தலைமுறை ஆகும். அதுவரை அந்தத் தாய்க்குக் காட்ட நம்மிடம் காலி மரம் இல்லை.

ஆக, பாவம் யாருடையது? மரத்தைப் பார்க்கவும் வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கு அதிகாரம் இருந்ததோ அவருடையது. இன்றைய நடைமுறையில் அந்த அதிகாரம் ஏறுகிறவரிடம் இல்லை. மர வியாபாரி நின்ற மரத்துக்கு விலை பேசி முடித்த பிறகோ, வீட்டுக்காரர் முடிவு செய்த பிறகோதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். விழுந்த மரத்துக்குத்தான் கூலி. மரத்தைத் தட்டிப் பார்த்து, இது இன்னும் பத்து வருடம் நிற்கும், இரண்டு கிளையைக் கழித்தால் போதும் என்று உண்மையைச் சொன்னால் அவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். மறுப்பதற்கு அபராதம் கட்ட வேண்டிய ஒருவரை அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட வைப்பதில் என்ன சமயம் இருக்கிறது? எல்லைப்புறத்தில் தோட்டமோ வீடோ வைத்திருக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன் மரக்காரரைக் கூப்பிடும்போது வெட்டும் நாளுக்கு முந்தைய நாள் மாலையே வரச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே நின்று மரத்தைச் சுற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு அவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த நாளுக்கும் முழுக் கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.